டர்லாக் வீட்டுக்குள்ள பாத்துப் போங்க

போன இதழ்ல, பால்டர்ஸ் கேட்னு ஒரு பழைய கம்ப்யூட்டர் கேமை (ஆறு பேர் வரைக்கும் கூட்டு சேர்த்துக்கிட்டு ஊர் ஊரா போய் சண்டை போடுற கதை) திரும்ப விளையாடிட்டிருக்கேன்னு சும்மா ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், பெங்களூர்ல இருக்கிற நம்ம ஆளுங்க பாதிப் பேர் ராத்திரில இதைத்தான் விளையாடுறாங்க போல, வந்த கடிதத்துல முக்கால்வாசி இதப்பத்தியே. மத்த கேள்விங்களுக்கு அடுத்த வாரம் பதில் சொல்றேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: காலேஜ் ஹாஸ்டல்ல பாதில விட்ட கேம் சார். இப்ப 43 வயசு, ஒர்க் ஃப்ரம் ஹோம், புதுசா மெருகேத்தி விட்ட என்ஹான்ஸ்டு எடிஷன் வாங்கி ஆரம்பிச்சேன். ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்து வாசல்லயே ஒரு மந்திரவாதி மூணு தடவை கொன்னுட்டான். எனக்கு வயசாயிடுச்சா, கேமே இப்படியா?
வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: கேமே அப்படித்தான் சார், மனசை விட்டுடாதீங்க. அவன் பேரு டார்னெஷ், 1998 டிசம்பர்ல இந்த கேம் வந்ததுலேர்ந்து அந்தப் படிக்கட்டுல நின்னு ஊர்ல உள்ளவன் எல்லாரையும் கொன்னுட்டிருக்கான், உங்களுக்குன்னு தனி விரோதம் ஒண்ணும் கிடையாது. முதல் லெவல் மேஜுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) நாலுதான், உடம்பு திடமா வச்சிருந்தா கொஞ்சம் கூட வரும், அந்த லட்சணத்துல பக்கத்துல போய் நின்னு கதை பேசினா எப்படி? ஆளுங்களை தள்ளித் தள்ளி நிறுத்துங்க, அவன் மந்திரம் சொல்ல ஆரம்பிச்ச உடனே வில்லுல அடிங்க, வாயில மந்திரம் இருக்கும்போது ஒரு அடி பட்டா போதும், மந்திரம் கலைஞ்சிடும். ஆரம்பத்துலயே உங்க கூட வர்ற இமோயன்ங்கிற பொண்ணு பையில ஒரு மேஜிக் மிசைல் மந்திரக்கோல் சும்மா தூங்குது, அதையும் எடுங்க. சத்திரத்து காவல்காரங்களும் வந்து நாலு சாத்து சாத்துவாங்க.

கேள்வி: தாக்கோ குறைஞ்சா நல்லதாம், ஆர்மர் கிளாஸ் மைனஸ்ல போனா நல்லதாம். இது என்ன தலைகீழ் கணக்கு?
வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: ஸ்கூல் ரேங்க் மாதிரி நினைச்சுக்கோங்க மேடம், ஒண்ணாவது ரேங்க் பெருசா, நாப்பத்தெட்டாவது ரேங்க் பெருசா? தாக்கோங்கிறது நீங்க அடிக்கிற திறமை, ஆர்மர் கிளாஸ்ங்கிறது அடி படாம தப்பிக்கிற திறமை. உங்க தாக்கோவுலேர்ந்து எதிராளியோட ஆர்மர் கிளாஸை கழிச்சா வர்ற நம்பரை இருபது பக்க தாயக்கட்டைல போட்டாகணும். உங்களுக்கு 15, அவனுக்கு 4ன்னா 11 விழுந்தா அடி படும், அவனுக்கு மைனஸ் 2ன்னா 17 விழணும். இந்த கேமுக்கு மூலமான டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாட்டோட மூணாம் எடிஷன் 2000ல வந்தப்ப இந்தக் கணக்கைத் தூக்கிட்டாங்க, ஆனா நம்ம கேம் ரெண்டாம் எடிஷன்ல மாட்டின கேஸ்.

கேள்வி: கேம்ல வர்ற டர்லாக் டவர்ங்கிற கோட்டைல ரெண்டு வாரமா மாட்டிக்கிட்டிருக்கேன் அண்ணா. எங்க கால் வச்சாலும் வெடிக்குது. இமோயனை டூயல் கிளாஸ் போட்டு மேஜா மாத்தினேன், அதுக்கப்புறம் இன்னும் மோசம். இந்த இடத்தை ஏன் எல்லாரும் கொண்டாடுறாங்கன்னே புரியல.
வாசகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

பதில்: தம்பி, வெடிக்கிற இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி இமோயன் விஷயத்தை முடிச்சிடுவோம். டூயல் கிளாஸ்னா ஒரு வேலைலேர்ந்து இன்னொரு வேலைக்கு மாறுறது. அப்படிப் போட்டா, புது கிளாஸோட லெவல் பழசைத் தாண்டுற வரைக்கும் பழைய வேலை எதுவுமே வராது. ஆறாம் லெவல் தீஃபா (ட்ராப்னு சொல்ற பொறிங்களைக் கண்டுபிடிக்கிற ஆளு) இருந்தவளை மாத்தியிருந்தீங்கன்னா அவ மேஜா ஏழாம் லெவல் போகணும், அதுக்கு 60,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), அதுவரைக்கும் உங்க பார்ட்டில, அதாவது கூட்டத்துல, தீஃபே இல்லன்னு அர்த்தம். தீஃப் இல்லாம டர்லாக் டவருக்குப் போறது செருப்பில்லாம கருவேலங்காட்டுக்குள்ள போற மாதிரி. வெளியே வாங்க, க்ளோக்வுட் காட்டுல கோரன் இருப்பான், இல்லன்னா லைட்ஹவுஸ் பக்கம் சஃபானா, யாரையாவது ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

ரெண்டாவது, ஓடாதீங்க. ட்ராப் தேடுற பட்டனை அமுக்கி வச்சாலும் தீஃப் ரவுண்டுக்கு ஒரு தடவைதான் தேடுவா, ரவுண்டுன்னா ஆறு செகண்ட், அந்த ஆறு செகண்ட்ல நீங்க ஒரு காரிடாரே தாண்டிப் போயிருப்பீங்க. நாலு அடி, நில்லு, ஒண்ணுலேர்ந்து ஆறு எண்ணு, தரை செவப்பா தெரியுதா பாரு, அப்புறம் நாலு அடி. ட்ராப் தெரிஞ்ச உடனே தானா கேம் நிக்கிற மாதிரி ஆப்ஷன்ல ஒரு டிக் இருக்கு, போட்டுடுங்க.

கொண்டாடுறது ஏன்னு கேட்டீங்கள்ல, அதைச் சொல்றேன். இந்த டவர் முதல்ல வந்த கேம்ல கிடையாது, 1999ல டேல்ஸ் ஆஃப் த ஸ்வார்ட் கோஸ்ட்னு ஒரு எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பாகம்) வந்துச்சு, அதுல சேர்த்தது. டர்லாக் ட்ரோல்கில்லர்னு ஒரு குள்ளன், பெரிய வீரன், கோட்டை கட்டி சொந்த பந்தத்தோட வாழ்ந்தவன். அங்க டாப்பல்கேங்கர்னு ஒரு ஜென்மம் உள்ள புகுந்துடுச்சு, யாரைக் கொல்லுதோ அவங்க உருவத்தையே எடுத்துக்கிற ஜென்மம், பொண்டாட்டி மூஞ்சில, புள்ளைங்க மூஞ்சில வந்து நிக்குது, அந்த மூஞ்சிங்களை அவன் கையாலயே வெட்டிப் போடவேண்டியதாயிடுச்சு. தப்பிச்சு மிஞ்சினது அவன் மட்டும்தான், அதுக்கப்புறம்தான் வீடு பூரா ட்ராப் வைக்க ஆரம்பிக்கிறான்.

நாஷ்கெல் சுரங்கத்துலயும் ட்ராப் இருக்கு, ஆனா அது வர்ற எவனையோ தடுக்க. இங்க வச்சிருக்கிறது சொந்தப் புள்ள மூஞ்சியோட யாரும் திரும்ப வாசப்படி ஏறக்கூடாதுன்னு. கீழ்த்தளத்துல ஒரு கதவுக்கு முன்னாடி நாலு காவல் பொம்மைங்க நிக்கும், பேரைப் பாருங்க: கர்வம், பேராசை, பயம், அன்பு. முதல் தடவை விளையாடினப்ப நான் அதை வெறும் புதிர்னுதான் நினைச்சேன், யார் என்ன கேக்குறாங்களோ கொண்டாந்து குடு, கதவு திறக்கும், அவ்வளவுதான். இப்ப எனக்கே ரெண்டு புள்ளைங்க, அந்த நாலு பேரையும் படிச்சா ஒரு ஆளு உக்காந்து தன் தப்பையெல்லாம் வரிசையா எழுதி வச்ச மாதிரி இருக்கு, அதுல அன்பையும் சேர்த்திருக்கான் பாருங்க. அடியில டீமன் நைட்ங்கிற பேய் வீரன் இருக்கிற இடத்துல ஒரு கண்ணாடி வச்சிருப்பாங்க, அதுலேர்ந்து உங்க பார்ட்டி ஆளுங்க மாதிரியே ஆளுங்க வெளிய வந்து உங்களையே அடிப்பாங்க. அவனுக்கு நடந்ததை உங்க கையால ஒருக்கா செய்ய வைக்கிறாங்க, அதுக்காக ஒரு வரி வசனம் கூட எழுதலை.

டயாப்ளோன்னு இன்னொரு பழைய கேமும் எனக்குப் பிடிக்கும், சர்ச்சுக்குக் கீழ 16 தளம், ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் மேப் மாறிடும், சலிக்கவே சலிக்காது. ஆனா தானா மாறுற வீட்டுல யாரும் குடியிருந்த மாதிரி தெரியாது. டர்லாக் வீட்டுல தெரியும்.

டர்லாக் டவர்ல செஸ் போர்டு மாதிரி இருக்கிற தரைக்கு வந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் ஒரு காய், அந்தக் காய் நகர்ற மாதிரிதான் நகரணும், இல்லன்னா மின்னல் இறங்கும். நான் நகரவே மாட்டேன். நின்ன இடத்துலேர்ந்தே ஃபயர்பாலும் அம்பும், கேவலமான ஆட்டம்தான், ஆனா உயிர் மிஞ்சும்.

2000ல நான் ஸ்ரீராமபுரத்துல ரூம் எடுத்துத் தங்கியிருந்தப்ப எஸ்.பி. ரோட்டுல ஒரு கடையில செகண்ட் ஹேண்டா இந்த கேம் வாங்கினேன், மொத்தம் அஞ்சு சிடி, மூணாவதுல கீறல். ஊர் மாறினா சிடி மாத்துன்னு கேக்கும், மூணாவதைப் போட்டா டிரைவ் மிக்ஸி மாதிரி கத்தும், நாங்க பல் விளக்குற பேஸ்ட்டைத் தடவி துடைச்சுப் போடுவோம், சில நாள் ஓடும். எக்ஸ்பான்ஷனை ரூம்மேட் எங்கேருந்தோ கொண்டாந்தான். டர்லாக் டவருக்குன்னு ஒரு பழைய எல்.ஐ.சி. டைரி வச்சிருந்தேன், மேப்பை கேமே காட்டும், ஆனா செத்து லோட் பண்ணா ட்ராப் எங்க இருந்துச்சுன்னு நாமதான் ஞாபகம் வச்சிக்கணும். போன மாசம் பரண்ல அந்த டைரி கிடைச்சுது. ஒரு பக்கத்துல கட்டம் கட்டமா பென்சில்ல போட்டு, "இடது சுவத்துப் பெட்டி தொடாதே. தொட்டா சாவு"ன்னு எழுதி, அதுக்குக் கீழ ரூம்மேட் கையெழுத்துல "தொட்டேன்"னு இருந்துச்சு.

கேள்வி: டைம் கம்மி. எந்த டஞ்சன் (சுரங்கம், இடிபாடு மாதிரி இடம்) கண்டிப்பா பாக்கணும், எதை விட்டுடலாம்?
வாசகர், சர் சி.வி. ராமன் நகர்

பதில்: ஃபயர்வைன் இடிபாட்டை விட்டுடுங்க. ஒரு ஆள் போற சந்துல ஆறு பேரைக் கூட்டிட்டுப் போகணும், முன்னாடி இருக்கிறவன் நின்னா பின்னாடி இருக்கிறவன் வேற வழி தேடி ஊரைச் சுத்தப் போயிடுவான், சாயங்காலம் ஆறரைக்கு மெஜஸ்டிக் மெட்ரோல பர்ப்பிள் லைன்லேர்ந்து கிரீன் லைன் மாறின அனுபவம் இருந்தா அதே போதும். க்ளோக்வுட் சுரங்கம் பாருங்க, அங்க அடிமையா வேலை செய்றவங்களை வெளியேத்திட்டு ஆத்துத் தண்ணியை உள்ள விட்டு மொத்த சுரங்கத்தையும் மூழ்கடிக்கலாம். அவ்வளவு திருப்தி.

கேள்வி: நான் 2023ல வந்த மூணாவது பாகத்துலதான் ஆரம்பிச்சேன். முதல் பாகத்துக்குத் திரும்பப் போகலாமா?
வாசகி, இந்திராநகர்

பதில்: போகலாம். அதுல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அடிக்கிற டர்ன் பேஸ்டு, இதுல எல்லாரும் ஒரே நேரத்துல அடிச்சுப்பாங்க, நீங்கதான் நிறுத்தி நிறுத்தி பாக்கணும். பேசுறதை விட படிக்கிறது ஜாஸ்தி. கஷ்டமா இருந்தா புது எடிஷன்ல ஸ்டோரி மோடுன்னு ஒண்ணு இருக்கு, வெக்கப்படாம போடுங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரரும் ஒன்பதாவது படிக்கிற பையனும் சேர்ந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் இந்த கேமே கதின்னு கிடக்காங்க. சாப்பிடக் கூப்பிட்டா "ஒரு நிமிஷம், சண்டை நடக்குது"ங்கிறாங்க. தோசை ஆறிப்போகுது.
வாசகி, அல்சூர்

பதில்: மேடம், இதை வெளிய சொன்னா உங்க வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார், பரவால்ல. கீபோர்டுல அடியில நீளமா ஒரு பட்டன் இருக்கும், ஸ்பேஸ் பார். அதை அமுக்கினா அந்த கேம்ல எல்லாமே அப்படியே நின்னுடும், பாய்ஞ்சு வர்ற அம்பு கூட நடு வானத்துல நிக்கும், எவ்வளவு நேரம் வேணும்னாலும். அடுத்த தடவை "ஒரு நிமிஷம்"னு சொன்னா நீங்களே போய் அமுக்கிட்டு வாங்க.