ஃபுளோரோசிஸ்: ஒரு டீச்சரின் கேள்வி

ஐயா, வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை நான். எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள். 'ஃபுளோரோசிஸ்' என்று டாக்டர் சொன்னதும் ஒரு மாணவி, "அப்படின்னா என்ன டீச்சர்?" என்றாள். கிரேக்கச் சொல் என்கிறார்கள், லத்தீன் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
- வாசகி, பென்னாகரம்

அன்புள்ள டீச்சருக்கு,

இரண்டும் சரிதான். பின்பாதியில் வரும் 'ஓசிஸ்' கிரேக்க விகுதி. நோய்ப் பெயர்களில் அடிக்கடி வரும். முன்பாதி லத்தீன், கதையும் அதில்தான் இருக்கிறது.

லத்தீனில் 'ஃப்ளுவெரெ' என்றால் ஓடுதல், ஒழுகுதல். ஐரோப்பியச் சுரங்க ஊர்களில் தாது உருக்கும் உலையில் ஒருவகைக் கல்லைச் சேர்ப்பார்கள். அது சேர்ந்தால் கசடு இளகி ஓடிவிடும். சுரங்க ஊரில் வைத்தியம் பார்த்த அக்ரிகோலா 1530-இல் அந்தக் கல்லை 'ஃப்ளுவோரெஸ்' என்று எழுதினார். அதற்குள் ஒரு புதிய தனிமம் இருப்பதாகக் கருதிய ஆம்பியர் (மின்னோட்ட அலகுக்குப் பெயரான அதே ஆம்பியர்தான்) 1812-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவிக்கு எழுதி, 'ஃபுளோரின்' என்ற பெயரைச் சொன்னார். பிரெஞ்சு வேதியியலாளர் மொய்சான் அதைப் பிரித்தெடுத்தது 1886-இல்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் இருக்கும் கடினப் பாறைகளிலும் ஃபுளோரின் கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் நெடுநாள் தேங்கும் நீரில் அந்த ஃபுளோரின், 'ஃபுளோரைடு' என்ற வடிவில் கரைகிறது. உப்புத் தண்ணி என்றால் நாக்கு சொல்லிவிடும், இதற்கு நிறமும் இல்லை, ருசியும் தெரியாது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அந்த மாணவியிடம் சொல்லின் வேரோடு இதையும் சொல்லுங்கள். அவள் பல் விளக்காததால் வந்த கறை அல்ல அது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடால் வந்தது. இதற்காக அவளை யாரும் கேலி செய்ய விடாதீர்கள். அப்புறம், வீட்டில் போர் தண்ணியைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று நம்பும் அம்மாக்கள் நிறைய. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ்' என்ற சொல் இருக்கிறது. அந்தத் தண்ணி வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணியே போதும். வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருக்கிற பிள்ளைகளிடம் முதலில் சொல்லுங்கள்.