மனை, மணல், சம்ப்: வீடு கட்டுறவங்களோட அளவு கேள்விகளுக்கு பதில்

கேள்வி: அண்ணா, பட்டாவுல ஹெக்டேர் 0, ஏர்ஸ் 2.50னு இருக்கு. புரோக்கர் ஆறரை சென்ட்னு சொல்றாரு, சரியா?

பதில்: சரியில்ல தம்பி. ஒரு ஏர்ஸ்னா 2.47 சென்ட், அப்ப ரெண்டரை ஏர்ஸுக்கு 6.18 சென்ட் தான் வருது. சென்ட்டுக்கு 435.6 சதுர அடின்னு போட்டா சுமார் 2690 சதுர அடி, ஆறரை சென்ட்னா 2830 வந்திருக்கணும். கிட்டத்தட்ட 140 சதுர அடிக்கு நீங்க சும்மா காசு கொடுக்கப் போறீங்க, ஒரு பெட்ரூம் அளவு அது! சர்வேயரை வச்சு அளந்து கல்லு போட்டதுக்கு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

கேள்வி: எம்சாண்ட் 3 யூனிட்னு பில் போட்டிருக்காங்க, லாரி பாடி உள்பக்கம் 12 அடி நீளம், 7 அடி அகலம், மணல் 3 அடி உயரம் நிக்குது. கரெக்டா சார்?

பதில்: ஒரு யூனிட்னா 100 கன அடி. 12ஐ 7ஆல பெருக்கி 3ஆல பெருக்குனா 252, அதாவது ரெண்டரை யூனிட் தாங்க. மூணு யூனிட் வேணும்னா உயரம் மூணு அடி ஏழு இஞ்ச் நிக்கணும். நடுவுல குவிச்சு வச்சிருப்பாங்க, அங்க மட்டும் டேப்பை விட்டா ஏமாந்துடுவீங்க, நாலு மூலையும் நடுவும் அளந்து சராசரி எடுங்க. இன்னொன்னு, மணல் ஈரமா இருந்தா துகளைச் சுத்தி தண்ணி ஒட்டிக்கிட்டு ஒன்னையொன்னு தள்ளி வைக்கும், அதனால அதே மணல் கால் பங்கு வரைக்கும் கூட உப்பித் தெரியும், ஆத்து மணல் வாங்குறவங்க இதை கண்டிப்பா கவனிக்கணும். லோடை கொட்டுறதுக்கு முன்னாடியே அளந்துடுங்க, கொட்டிட்டா அப்புறம் பேச்சே கிடையாது.

கேள்வி: அண்ணே சம்ப் (தரைக்கு அடியில கட்டுற தண்ணித் தொட்டி) உள்ளளவு 6க்கு 5, ஆழம் 5 அடி. மேஸ்திரி 5000 லிட்டர் பிடிக்கும்ங்கறாரு.

பதில்: பிடிக்காது. 150 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், விளிம்பு வரைக்கும் ரொப்பினாலே 4245 தான். மேல அரை அடி விட்டா 3820. இன்னும் தோண்டல்லன்னா ஆழத்தை ஆறரை அடியாக்க சொல்லுங்க, ஆறு அடி தண்ணி நின்னா 5000 தாண்டிடும்.

கேள்வி: 12 எம்எம் கம்பி ஒன்னு எவ்வளவு எடை இருக்கணும்?

பதில்: எம்எம்மை அதே எண்ணால பெருக்கி 162ஆல வகுங்க, மீட்டருக்கு கிலோ வந்துடும். 12க்கு 0.89, முழு கம்பி 12 மீட்டர், அப்ப 10.67 கிலோ. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஒன்பதரை காட்டினா திருப்பி அனுப்புங்க.

கேள்வி: மனைக்கு மார்க்கிங் பண்ணும்போது மூலை சரியா 90 டிகிரி வந்திருக்கான்னு நாமளே பார்க்க முடியுமா அண்ணா?

பதில்: தாராளமா. மூலையிலருந்து ஒரு பக்கம் 6 அடி, இன்னொரு பக்கம் 8 அடி அடையாளம் வைங்க, ரெண்டுக்கும் குறுக்கே சரியா 10 அடி இருக்கணும். 3, 4, 5 வச்சும் பார்க்கலாம், ஆனா சின்ன அளவுல நூல் அளவு தப்பு தெரியாது, இடம் இருந்தா 9, 12, 15 இன்னும் நல்லது. கடைசியா ரூமோட நாலு பக்கமும் சரின்னா மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் பிடிச்சு பாருங்க, ரெண்டும் ஒன்னா இருந்தா கவலையே வேணாம். வித்தியாசம் வந்தா அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடியே நூலை நகர்த்திடுங்க, டைல்ஸ் ஒட்டும்போது தெரிஞ்சா சுவரோரம் பூரா கோணலா வெட்டி ஒட்டணும்.

கேள்வி: ரூம் 10 அடி 11 இஞ்ச், கால்குலேட்டர்ல 10.11னு போடலாமா?

பதில்: ஐயோ வேணாம்மா! அடிக்கு 12 இஞ்ச், அதனால இஞ்சை 12ஆல வகுத்து தான் புள்ளிக்கு அப்புறம் போடணும். 11 இஞ்ச்னா 0.92, ரூம் 10.92 அடி. நீங்க போட்ட கணக்குல முக்கால் அடிக்கு மேல காணாம போயிடும், டைல்ஸ் பத்தாது, திரும்ப கடைக்குப் போனா அதே ஷேடு கிடைக்கறது கஷ்டம்.