இ.பி.டபிள்யூ.பி. வேலை நிரந்தரமாகுமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தம்பிக்கு ஃபேக்டரி வேலை போய்விட்டது, தென்னாப்பிரிக்க அரசின் விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டமான இ.பி.டபிள்யூ.பி.யில் (EPWP) சேர்ந்தால் நிரந்தரமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. அதிபர் ம்பெக்கி ஆட்சியில் 2004-இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோதே தற்காலிக வேலை என்றுதான் வகுத்தார்கள். சாலையோரம் புல் வெட்டுவது, குப்பை அள்ளுவது, வீட்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது மாதிரி. ஐந்து ஆண்டில் 10 லட்சம் வேலைவாய்ப்பு என்ற இலக்கை ஓராண்டு முன்பே எட்டினார்கள். சரி, ஆனால் அந்தக் கணக்கில் சில மாத வேலையும் ஒரு ‘வாய்ப்பு’தான்! கூலியும் குறைவு. 2019-இல் பொதுவான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 ரேண்ட், இவர்களுக்கு 11.

எனக்குப் பிடித்தது நம் க்வாசூலு-நட்டால் மாகாணத்தின் ஜிபம்பெலே திட்டம். கிராமச் சாலையைப் பராமரிக்கும் வேலை, பெரும்பாலும் ஏழைப் பெண்களுக்கு. ஒப்பந்தம் தனி ஆளோடு இல்லை, குடும்பத்தோடு. வேலை பார்த்தவர் இறந்துபோனால் அதே வீட்டில் இன்னொருவர் தொடரலாம். எய்ட்ஸ் வாட்டிய அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

தம்பியை ஆட்குறைப்பில் அனுப்பியிருந்தால், சம்பளத்தில் யு.ஐ.எஃப். (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) பிடித்தார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அந்தப் பணத்துக்கு உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அப்புறம் முனிசிபாலிட்டியில் விசாரிக்கலாம்.