நியாசினமைடு சீரம் தடவினால் தோலுக்குள் என்னதான் நடக்கிறது? மங்கு போகுமா?

கன்னத்தில் மங்கு, யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. திருச்சியில் மருந்து கம்பெனி ரெப். விற்பது சர்க்கரை மாத்திரை, சீரம் இல்லை. அதனால் விளம்பரம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

11 வருடமாக வெயிலில் பைக். இரண்டு கன்னத்திலும் மங்கு. போன வருடம் சகலை வீட்டுக் காதுகுத்தில் மனைவியின் பெரியம்மா, "மாப்பிள்ளைக்குக் கன்னத்துல என்ன கரி?" என்று முந்தானையோடு துடைக்கவே வந்துவிட்டார். பந்தியே திரும்பிப் பார்த்தது. அன்று இரவே 10 சதவீத சீரம் ஆர்டர் போட்டேன். 5-ஐ விட 10 பெரிசுதானே! வந்ததும் ஷேவ் பண்ணின கையோடு தடவினேன். மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்த மாதிரி எரிந்தது. இரண்டு நாள் சிவப்பு.

தோல் டாக்டரிடம் போனேன். 500 ரூபாய் ஃபீஸ் கட்டி, டோக்கன் வாங்கி. கம்பவுண்டர் என் பையைப் பார்த்துவிட்டு, "ரெப் எல்லாம் கடைசியில சார்" என்றார். டோக்கனைக் காட்டியும் நம்பவில்லை. ரெப் பெஞ்சில் ஃபேன் கிடையாது. சார்ஜர் போடும் பிளக்கில் டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எங்களை மனிதராகவே நினைப்பதில்லை, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இரவு 10 மணிக்குக் கூப்பிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நியாசினமைடு என்பது விட்டமின் பி3-இன் ஒரு வடிவம். நிறமி செல்கள் மெலனினைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி பக்கத்துத் தோல் செல்களுக்குக் கொடுக்கும். பொட்டலம் கட்டுவதை இது நிறுத்தாது, கைமாறுவதைத்தான் குறைக்கும். அதனால் தடவுவதை விட்டால் கருமை திரும்பும். இன்னொரு வேலை, செராமைடு என்ற கொழுப்பைக் கூடுதலாக உண்டாக்க வைத்து, தோலின் ஈரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்வது. ஏசி அறையில் எனக்கு முகம் இழுப்பது நின்றது இதனால்தான்.

செல்லுக்குள் போனால் இது என்ஏடி என்ற பொருளாக மாறும். செல் சக்தி தயாரிக்க அதுதான் வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் செல்லின் சக்தி குறைந்துபோகும், டிஎன்ஏ பழுதுபார்க்க அந்தச் சக்தி வேண்டும். இந்தச் சத்தே இல்லாமல் போனால் வருகிற பெல்லாக்ரா நோயில், வெயில் படும் கழுத்தைச் சுற்றி அட்டிகை போட்ட மாதிரி தோல் கறுத்து உரியும்.

உடனே ஆஸ்திரேலிய ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2015-இல் வந்தது, 386 பேர், புதுத் தோல் புற்றுநோய் 23 சதவீதம் குறைந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர்கள், சாப்பிட்டது 500 மில்லிகிராம் நியாசினமைடு மாத்திரை, தினம் இரண்டு வேளை. சீரம் இல்லை.

எனக்கு டாக்டர் எழுதியது 4 சதவீதம். மெக்சிகோவில் மங்குக்கு ஆராய்ந்து பார்த்ததும் அதே அளவுதான். ஷேவ் பண்ணின அன்று தடவக் கூடாது. கூடவே நிறம் கலந்த சன்ஸ்கிரீன். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்குமாம், மங்குக்கு அது முக்கியம். நாலு மாதத்தில் பாதி மங்கியிருக்கிறது, போகவில்லை. சன்ஸ்கிரீன் மட்டும் சட்டைக் காலரில் ஒட்டிக்கொள்கிறது. துவைக்கிற அன்று வீட்டில் அதற்குத் தனிக் கச்சேரி.