கையடக்க விளையாட்டின் இசைக்குச் சாம்பிள் வாங்குவோர் கவனத்துக்கு

கேள்வி: நண்பர்கள் சிலர் நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்குப் புதிய விளையாட்டு ஒன்றை உருவாக்கி, கார்ட்ரிட்ஜாக (கருவியில் செருகும் விளையாட்டுப் பேழையாக) விற்க இருக்கிறார்கள். இசை என் பொறுப்பு. 2002 வாக்கில் வந்த விளையாட்டுகளில் கேட்ட அதே ட்ரம்பெட், வயலின் ஒலிகள் வேண்டும். வாத்திய ஒலிகளை உள்ளடக்கிய பழைய ரோலாண்ட் எஸ்சி-88 ப்ரோ கருவியை வாங்குவதா, கட்டணச் சாம்பிள் (பதிவு செய்த வாத்திய ஒலித்துண்டு) தொகுப்பை வாங்குவதா, இணையத்தில் கிடைக்கும் இலவச சவுண்ட்ஃபான்ட் (சாம்பிள்களை வாத்தியங்களாக அடுக்கிய கோப்பு) போதுமா?

பதில்: விலையை விசாரிக்கும் முன் உரிமத்தைப் படியுங்கள். கேம் பாய் அட்வான்ஸ் விளையாட்டில் பாடல் பெரும்பாலும் முழுப் பதிவாக இருப்பதில்லை. ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலித்துண்டும் தனித்தனியாகக் கார்ட்ரிட்ஜில் இருக்க, எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பைப் பார்த்துக் கருவியின் செயலி அவற்றை அந்தக் கணத்திலேயே கலந்து தருகிறது. ஆகவே விளையாட்டின் கோப்பைத் திறக்கத் தெரிந்த எவரும் உங்கள் ட்ரம்பெட்டை மட்டும் தனியே பிரித்து எடுத்துவிடலாம். கட்டணத் தொகுப்புகளின் உரிமங்கள் பொதுவாக, சாம்பிள்களை முடிந்த இசையில் கலந்து வெளியிட அனுமதித்துவிட்டு, தனித்த வடிவில் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கின்றன. "விளையாட்டில் பயன்படுத்தலாமா?" என்று மட்டும் கேட்டால், பதிவு செய்த இசையை மனத்தில் வைத்து விற்பனையாளர் சரி என்று சொல்லிவிடக்கூடும். ஒலித்துண்டுகள் தனித்தனியாகவே கார்ட்ரிட்ஜில் இருக்கும் என்பதை விளக்கிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

1996இல் வந்த எஸ்சி-88 ப்ரோவுக்கும் இதே சிக்கல் உண்டு. கருவியை விலைக்கு வாங்கியதாலேயே அதனுள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தெடுத்துப் பரப்பும் உரிமை கிடைத்துவிடாது. ஜப்பானிலிருந்து தருவித்த கருவியாக இருந்தால் அது 100 வோல்ட் மின்சாரத்துக்கானதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய விளையாட்டுகளிலிருந்து உருவி எடுத்த சவுண்ட்ஃபான்ட்களைப் பொறுத்தவரை, அவற்றை இலவசமாகத் தருபவர் உரிமையாளர் அல்லர். விற்பனைக்கான விளையாட்டில் அவற்றைச் சேர்க்கவே வேண்டாம்.

உண்மையில் நீங்கள் செலவே செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மின்னணு இசைக்கூடம் வாத்தியங்களின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறது. அங்குள்ள காற்றுக்கருவிப் பதிவுகள் எதிரொலி இல்லாத அறையில் செய்யப்பட்டவை என்பதால் லூப் (ஒலித்துண்டின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைத்து ஸ்வரத்தை நீட்டுவது) அமைப்பது எளிது. புல்லாங்குழலுக்கு ஸ்வர அசைவு (வைப்ராட்டோ) உள்ள பதிவும் அசைவற்ற பதிவும் கிடைக்கும்போது அசைவற்றதையே எடுங்கள். வெர்சிலியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட விஎஸ்சிஓ 2 சமூகப் பதிப்பு என்ற வாத்தியச் சாம்பிள் தொகுப்பு, எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 உரிமத்தில் இருக்கிறது. பலரும் ஒலிக்கோப்புகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் மட்டும் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் வணிக நோக்கத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையோடும் பல கோப்புகள் அங்கே உள்ளன.

நீங்கள் விரும்பும் அந்தப் பழைய சாயலுக்கு, மூல ஒலியைப் போலவே அது சுருக்கப்பட்ட விதமும் காரணம். அக்காலத்து விளையாட்டுகள் பலவும் விநாடிக்கு 13,379 அளவீடுகள், அளவீட்டுக்கு 8 பிட் என்ற அளவில் ஒலியைக் கலந்தன. அந்த வேகத்தில் ஏறத்தாழ 6,700 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வெண்கள் நிற்பதில்லை. 8 பிட் என்பதால் மங்கி மறையும் ஒலியின் அடியில் மெல்லிய இரைச்சல் கேட்கும். இரண்டு விநாடி ஸ்வரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 26 கிலோபைட் ஆகும். 24 பிட்டில், பல ஜிகாபைட் அளவில் விற்கப்படும் தொகுப்பின் நுட்பங்களில் பெரும்பகுதி இந்தச் சுருக்கத்தில் போய்விடுவதால், அவற்றுக்குக் கொடுத்த விலை வீண்தான். வாத்தியத்துக்கு இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தேர்ந்து, ஒலியளவை உச்சத்துக்குக் கொண்டுவந்த பின் 8 பிட்டாக மாற்றி, சாம்பிள்களை வரிசைப்படுத்திப் பாடல் அமைக்கும் ஓபன்எம்பிடி என்ற இலவச டிராக்கர் மென்பொருளில் லூப் அமைத்துப் பாருங்கள். அதில் ஐடி என்ற கோப்பு வடிவில் சேமிக்கும் பாடலை, கேம் பாய் அட்வான்ஸுக்கான மேக்ஸ்மாட் என்ற இலவச நிரல் நூலகம் ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: இதே விளையாட்டை 1989இன் பழைய கேம் பாய்க்கும் கொண்டுவரும் எண்ணம் இருக்கிறது. "கேம் பாய் சாம்பிள் பேக்" என்று விற்பதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கருவியில் இரண்டு சதுர அலைத் தடங்கள், ஓர் இரைச்சல் தடம், 4 பிட்டில் 32 படிகள் கொண்ட அலையை நாமே வரைந்துகொள்ளும் தடம் ஆகியவை மட்டுமே உள்ளன. ஒலியைக் கருவியே உண்டாக்குவதால், கணினியில் அந்தச் சாயலில் பாட்டமைத்துப் பதிவாக வெளியிடுவோருக்கு மட்டுமே அத்தகைய தொகுப்புகள் பயன்படும்.