ஐ.டி. வேலையை விட்டு ஒன்றாம் வகுப்புக்கு: ஓர் அப்பாவுக்கு எழுதியது

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன வாரம் பெரம்பூரிலிருந்து என்னிடம் ஆலோசனை கேட்க வந்தபோது உங்கள் முகம் மிகவும் வாடியிருந்தது. சோழிங்கநல்லூரில் ஐந்து வருடமாக மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளை, 28 வயதில் "சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுக்கப் போறேன்" என்று வந்து நின்றால் எந்த அப்பாவுக்கும் தூக்கம் போய்விடும். "ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாருக்கு யார் சார் பொண்ணு தருவாங்க?" என்று கேட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மற்ற கேள்விகளுக்கு இருக்கிறது.

முதலில் ஒன்று. உங்கள் உறவினர் யாரோ சொன்னார்கள் என்று தம்பியை, அதாவது உங்கள் பிள்ளையை, பி.எட். சேரச் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்க பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2018-ல் வந்த ஓர் அறிவிப்பு பி.எட். படித்தவர்களையும் அனுமதித்தது. அதை நம்பி, மத்திய அரசுப் பள்ளி வேலையை மனதில் வைத்து நானே 2019-ல் ஒரு பெண்ணுக்கு அந்த வழியைக் காட்டினேன். அவருடைய இரண்டு வருடம் வீணாயிற்று. அந்த வருத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தம்பி படிக்க வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, டி.எல்.எட். பழைய ஆட்கள் இன்னும் ஆசிரியர் டிரெய்னிங் என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருடம், முழுநேரம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது. அவருடைய பி.இ. பட்டத்தை இங்கே கேட்கமாட்டார்கள், பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் வேண்டும். சேர்க்கைக்கு வயது உச்சவரம்பும் உண்டு. அதனால் "இன்னும் ரெண்டு வருஷம் சம்பாதிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளினால் கதவு மூடிவிடலாம். அரசின் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் நல்லது, செலவு குறைவு. தனியாரில் சேர்ந்தால் அங்கீகாரத்தைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மாண்டிசோரி பயிற்சி பற்றியும் கேட்டீர்கள். 1939-ல் மரியா மாண்டிசோரியே அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்திய ஊர் இது, தனியார் பள்ளிகளில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது.

படித்து முடித்ததும் வேலை கிடைத்துவிடாது. 'டெட்' எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுத வேண்டும். 150 கேள்விகள்: குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30. தமிழ்நாட்டில் பொதுவான டெட் தேர்வு 2013-க்குப் பிறகு 2017, 2019, 2022, 2025 என்று இடைவெளி விட்டுத்தான் நடந்திருக்கிறது. தேறினாலும் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. சரி, ஆறுதலான விஷயமும் உண்டு: டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், நியமனத்துக்கான வயது வரம்பும் பொதுப் பிரிவுக்கே 53 வரை இருக்கிறது. அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்பு எடுப்பவரின் பதவிப் பெயர் அதுதான்) அடிப்படைச் சம்பளம் 20,600-ல் தொடங்கும், படிகள் தனி. சின்னத் தனியார் பள்ளிகளில் அதில் பாதிகூடத் தராத இடங்கள் உண்டு. ஆக, படிக்கும் இரண்டு வருடத்துக்கும், அப்புறம் காத்திருக்கும் இரண்டு வருடத்துக்கும் கையில் பணம் இருக்க வேண்டும். வீட்டுக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. தம்பி வகுப்பறையைப் பார்த்திருக்கிறாரா? அக்கா பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு, முப்பது பிள்ளைகளோடு காலை முதல் மாலை வரை இருப்பது வேறு. வடசென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தெலுங்கும் இந்தியும் பேசும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி கதையே படிக்கிறாள், பக்கத்தில் இருப்பவனுக்கு 'ப'வும் 'ம'வும் குழம்புகிறது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்தினார்கள். ஒரே மணி நேரத்தில் மூன்று நிலையையும் கவனிக்க வேண்டும். அந்த ஆசிரியை அன்று ஒரு பையனை 'மரம்' என்று தானாகவே வாசிக்க வைக்க அரை மணி நேரம் பொறுமையாக இருந்தார். அவன் வாசித்ததும் வகுப்பே கைதட்டியது. அந்த அரை மணி நேரம் தம்பிக்குச் சலிக்குமா, பிடிக்குமா? அது தெரியாமல் ராஜினாமா கடிதம் கொடுக்கக் கூடாது.

சேர்த்து வைத்திருக்கும் விடுப்பில் பத்து நாள் எடுக்கட்டும். தெரிந்த தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு வகுப்பில் உட்காரட்டும், நோட்டுத் திருத்தட்டும், மதியம் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை வீட்டில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். கல்யாணப் பேச்சையும்தான்.

பத்து நாள் முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை இருவரும் சேர்ந்து வாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.