வாசகர் கேள்வி: பள்ளிக் குழுத் தேர்தலுக்கு நாள் பார்ப்பது எப்படி?

பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பள்ளியைக் கவனிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் பதவிக்காலம் 2 ஆண்டு. தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அடுத்த முறை கூட்டம் கூட்டுவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டியவற்றைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவை இவை.

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் 80 பிள்ளைகள். போன முறை கூட்டம் காலை 11 மணிக்கு. நான் போவதற்குள் பெயர்களை வாசித்து, கைதட்டி, முடித்துவிட்டார்கள். வந்திருந்தது 20 பேர்கூட இல்லை. இதற்குப் பெயர் தேர்தலா?
(பெயர் வேண்டாத வாசகி, காரைக்குடி வட்டம்)

பதில்: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 குழுவின் சேர்மானத்தைத்தான் சொல்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எண்ணிக்கைக்குத் தக்க இடம். எத்தனை நாள் முன்னால் அறிவிப்பது, கை தூக்குவதா சீட்டுப் போடுவதா என்பதை அந்தப் பிரிவு பேசவில்லை. அந்தச் சந்தில்தான் பதினொரு மணிக் கூட்டம் புகுந்துகொள்கிறது.

முதல் வேலை பட்டியல். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறைக் கணினிப் பதிவில் இருக்கும் பெற்றோர் பெயரை அப்படியே அச்செடுத்து ஒட்டினால் போதாது. அப்பா சிங்கப்பூரில், அம்மா திருப்பூரில், பிள்ளை அப்பத்தாவோடு என்று இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். அந்த அப்பத்தாவோ, அம்மாவைப் பெற்ற ஆயாவோதான் பாதுகாவலர். அவர் பெயர் பட்டியலில் ஏறாவிட்டால் கூட்டத்தன்று வாசலில் தகராறு வரும். கோயிலுக்குப் புள்ளிக் கணக்கு (குடும்பக் கணக்கு) எழுதுகிற கவனத்தோடு இதை எழுத வேண்டும். 10 நாள் முன்னால் பள்ளிச் சுவரில் ஒட்டி, திருத்தம் சொல்ல 3 நாள் கொடுத்து, பிறகு மூடிவிடலாம்.

அறிவிப்புக்கு 14 நாள் வேண்டும். பிள்ளை கையில் கொடுக்கும் துண்டுச்சீட்டில் பாதி பையைத் தாண்டி வெளியே வராது. ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரை, மூன்றிலும் சொல்ல வேண்டும். அந்த வேலையில் வருகையை இரண்டு வேளை படமெடுத்துப் பதிகிறார்கள்; நடுவில் எழுந்து வந்தால் அன்றைய கூலிக்கு வினை. ஆகவே காலைக் கூட்டம் என்றாலே ஏழைத் தாய்மார் வராத கூட்டம் என்று அர்த்தம். பள்ளி விடும் நேரத்தை ஒட்டி மாலை மூன்றரைக்கு வைத்தால் பிள்ளையைக் கூப்பிட வருகிறவர்களும் இருந்து போட்டுவிட்டுப் போவார்கள்.

வாக்கைச் சீட்டில்தான் வாங்க வேண்டும். கை தூக்கினால் நிலத்துக்காரரும் கடன் கொடுத்தவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 80 பிள்ளைக்கு, பிள்ளைக்கு ஒன்றாக 80 சீட்டு. ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் 20 தாளில் முடிந்தது. பள்ளி முத்திரையும் நடத்துகிறவர் கையெழுத்தும் பின்பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் குத்தினால் மை பரவிப் பெயரை மறைத்து, எண்ணும்போது வழக்காகும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் பெயருக்கு எதிரே குடம், மணி, பலப்பம் என ஒரு படம். இந்த ஊர்களில் ஒரு வகுப்பிலேயே இரண்டு மூன்று மீனாள், வள்ளியம்மை இருப்பார்கள், எனவே வேட்பாளர் பெயரோடு பிள்ளையின் பெயரையும் அச்சிடுங்கள்.

ஒரே மேசையில் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 80 நிமிடம் ஆகும். அரை மணிக்கு மேல் யாரும் நிற்கமாட்டார்கள். வகுப்பு வாரியாக ஐந்து அறையில் ஐந்து பெட்டி வைத்தால் அறைக்குச் சுமார் 16 பேர், இருபது நிமிடத்தில் தீரும். ஆசிரியர் இரண்டே பேர் உள்ள பள்ளியில், பட்டியலைச் சரிபார்க்கப் பிளஸ் டூ முடித்த ஊர்ப் பிள்ளைகளை உட்கார வைக்கலாம். பெட்டியைத் திறக்க மட்டும் விடக் கூடாது.

கடைசியாக, நடத்துவது யார்? தலைமை ஆசிரியரே குழுவின் கூட்டுநர். தன் பள்ளி வரவு செலவைக் கண்காணிக்கப் போகிறவர்களை அவரே பொறுக்கி எடுப்பது சரியில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து நடத்தட்டும், இவர் அங்கே போகட்டும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சீர்திருத்தத்தை ஏன் விதியாகவே எழுதிவிடக் கூடாது என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

கேள்வி: தேர்தலை எந்த மாதம் வைத்தால் நல்லது? குழுவில் இருந்தவர்களில் சிலர் ஒரு வருஷத்திலேயே காணாமல் போய்விட்டார்களே?
(பள்ளத்தூர் வாசகர்)

பதில்: அவர்கள் காணாமல் போகவில்லை, பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விட்டது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் குழு அமைத்தார்கள். ஐந்தாம் வகுப்புக்காரர் அடுத்த சில வாரத்தில் பள்ளியை விடுகிறவர். ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகிறவரோ இன்னும் சேரவே இல்லை. 2024-இல் ஆகஸ்டுக்கு மாற்றியது எவ்வளவோ மேல். ஆனால் அப்போதும் ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒன்பது மாதம்தான். நான்காம் வகுப்புக்காரருக்குக் காலம் முடிய நான்கு மாதம் குறையும்.

2022 அமைப்பில் குழு 20 பேர், அதில் பெற்றோர் 15. (2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள், கணக்கு முறை ஒன்றுதான்.) அந்த 15-ஐ இப்படிப் பிரித்துப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்குத் தலா 4, நான்காம் வகுப்புக்கு 2, ஐந்துக்கு 1. முதல் மூன்று வகுப்பிலும் மும்மூன்று பேர் பெண்கள், நான்காவதில் ஒருவர் என்று வைத்தால் 10 பெண்கள், சட்டம் கேட்கும் பாதி வந்துவிட்டது. நலிந்த பிரிவுக்கும் இதே மாதிரி: 80-இல் 32 பிள்ளைகள் என்றால் 15-இல் 6 இடம். பாதிக் காலத்தில் காலியாகும் இடத்துக்கு, அடுத்தபடி வாக்கு வாங்கியவரை அழைப்பதென்று தேர்தலன்றே தீர்மானம் எழுதுங்கள். இல்லாவிட்டால் இடம் அப்படியே கிடக்கும், அல்லது யாரோ கேட்டுக்கொண்டதால் யாரோ வந்து உட்காருவார்.

தேர்தல் நாளைப் பள்ளிக் கல்வித் துறை குறிக்கிறது, ஊர் குறிப்பதில்லை. இதுவும் மாற வேண்டியது. துறை ஒரு மாத அவகாசம் கொடுத்து, அதற்குள் ஊர் தன் நாளைத் தேர்ந்துகொள்ள விடலாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அறிவித்து, இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை வைப்பது எங்களுக்குப் பிடித்த கணக்கு. ஒரு எச்சரிக்கை: பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி 2024-இல் செப்டம்பர் 7, 2025-இல் ஆகஸ்ட் 27. சதுர்த்தியோடு முடியும் அந்தப் பத்து நாள் திருவிழாவில் கடை போடுகிறவர், வேன் ஓட்டுகிறவர் யாரும் ஊரில் இருக்கமாட்டார். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு நாளைச் சொல்லுங்கள். மிகவும் தள்ளிப் புரட்டாசிக்குப் போனால் விதைப்பு வந்துவிடும்.

கேள்வி: என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே பள்ளித் தேர்தலைப் பொதுத் தேர்தலோடு சேர்த்துவிட்டார்களாம். நாமும் பஞ்சாயத்துத் தேர்தலோடு சேர்த்தால் செலவு மிச்சமாகாதா?
(தேவகோட்டை வாசகர்)

பதில்: மகள் சொன்னது சரி. நியூஜெர்சியில் பள்ளி வாரியத் தேர்தல் ஏப்ரலில் தனியாக நடந்துவந்தது, வாக்களிக்க வருகிறவர் குறைவு. 2012 ஜனவரியில் வந்த சட்டம், விரும்பும் பள்ளி மாவட்டம் அதை நவம்பர் பொதுத் தேர்தலுக்கு மாற்றலாம் என்றது. கூடவே ஒரு இனிப்பும் வைத்தது: மாற்றிக்கொண்ட மாவட்டம் வரி உயர்வை 2 சதவீத வரம்புக்குள் வைத்தால், வரவு செலவுத் திட்டத்தைத் தனியே வாக்குக்கு விட வேண்டாம். பெரும்பாலான மாவட்டங்கள் நவம்பருக்குப் போய்விட்டன.

இங்கே அது பொருந்தாது. அங்கே பள்ளிக்கு வரி கட்டுகிற ஊரார் எல்லோரும் வாக்காளர், பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இங்கே பெற்றோர் மட்டும். வாக்காளர் பட்டியலே வேறு என்னும்போது பெட்டியை எப்படிச் சேர்ப்பது? கட்சிக் கொடி பறக்கும் நாளில் பள்ளிக் குழுவுக்கும் ஆள் பிடிப்பார்கள், அது வேறு.

அதைவிடப் பெரிய தடை, பஞ்சாயத்துத் தேர்தல் நாள் தவறுவது. சிவகங்கை மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு காலம் முடிந்து, தனி அலுவலர் கைக்குப் போனது. அதோடு தொங்கவிட்டால் பள்ளிக் குழுவும் தொங்கும்.

கேள்வி: அப்படியானால் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு உள்ள இடம்?
(அதே வாசகர்)

பதில்: சட்டம் சொல்வது தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதியை. அவர் இல்லாத ஊரில் அந்த நாற்காலி காலி என்று பதிவேட்டில் எழுதி வைப்பதே நேர்மை. முன்னாள் உறுப்பினரைப் பழக்கத்தில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால் தீர்மானத்துக்குப் பின்னால் கேள்வி வரும். பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். அதனால்தான் 2025-இல் பேரூராட்சியான பள்ளத்தூரில் கவுன்சிலர் இருந்தார், ஊராட்சியான ஆத்தங்குடியில் வார்டு உறுப்பினர் இல்லை.

கேள்வி: எங்கள் பள்ளிக் குழுவின் தலைவர் என் மனைவி. கூட்டத்துக்கு நான் போகலாமா?
(புதுவயல் வாசகர்)

பதில்: பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருங்கள். தலைவர் தாயாக இருக்க வேண்டும் என்று வைத்ததே அதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிப்பது நகரத்தார் அறக்கட்டளை நடத்தும் உதவி பெறும் பள்ளி. அங்கேயும் இந்தத் தேர்தல் உண்டா? வென்றால் என்ன அதிகாரம்?
(காரைக்குடி வாசகி)

பதில்: குழு உண்டு, அதிகாரம் குறைவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். அரசுப் பள்ளிக் குழு தயாரிக்க வேண்டிய பள்ளி வளர்ச்சித் திட்டமும் உங்கள் குழுவுக்குக் கிடையாது. ஆகவே வேட்பாளராக நிற்பவர் கட்டடம் கட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். கேள்வி கேட்பதும், கேட்டதைக் கூட்டப் பதிவேட்டில் எழுத வைப்பதும், அதற்கு நிர்வாகத்தின் பதிலை அடுத்த கூட்டத்தில் வாங்குவதும்தான் உங்கள் கையில் இருப்பவை. கழிப்பறைத் தண்ணீர், ஆசிரியர் காலியிடம், சத்துணவு என ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பொருளை ஒரே நாளில் கொட்டினால் பதிவேட்டில் "விவாதிக்கப்பட்டது" என்ற ஒரே வரிதான் மிஞ்சும்.